கனகராயன் ஆற்று மணலும் உருத்திரபுரத்து நெல்லும்

சைவ மரபிலே ஓர் ஆலயத்தின் சிறப்பைக் கூறும்போது மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் சேர்த்தே கூறுவது வழக்கம். இம்மூன்றில் தீர்த்தம் என்றதும் பலருக்கும் ஆலயக் கேணியே நினைவுக்கு வரும். ஆனால் உருத்திரபுரத்தைப் பொறுத்தவரையில் தீர்த்தம் கேணிப் படிக்கட்டோடு முடிந்துவிடுவதில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலத்தில் கிணறுகளில் ஊற்று மேலெழுவதும், வாய்க்கால் நின்று சில வாரங்களில் கிணறு இறங்குவதும் இவ்வூரார் யாவரும் கண்ட விடயம். இறைவனுக்கு அபிடேகத்துக்கு அள்ளும் தண்ணீரும், நைவேத்தியத்துக்கு வைக்கும் அரிசியை விளைவித்த தண்ணீரும் ஒரே குளத்துத் தண்ணீர்தான். அந்தக் குளம் இரணைமடு. அக்குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது கனகராயன் ஆறு.

நீர்நிலையைக் காப்பதும் ஊரின் வருமானத்தைக் காப்பதும் வெவ்வேறு அலுவல்கள் என்ற எண்ணம் அண்மைக் காலத்தில் வந்தது. முன்னோர் அப்படிப் பிரித்து வைக்கவில்லை. தமிழ்நாட்டின் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் குடவோலை முறையில் ஆண்டுதோறும் வாரியங்களுக்கு ஆட்களைத் தெரிவு செய்ததைக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைத் தூர்வாரிக் கரையைப் பேணுவதற்கென்றே ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலம் ஒதுக்கி வைத்த ஊர்களும் இருந்தன. இந்தக் கல்வெட்டு ஆலயச் சுவரில் இருப்பது கவனிக்கத்தக்கது. ஏரியின் பராமரிப்புச் செலவு ஊரின் வரவு செலவுக்குள்ளேயே இருந்தது. யாரோ கொடுக்கும் நன்கொடையாக இருக்கவில்லை.

இரணைமடுவின் கதை

இரணை மடு என்றால் இரட்டை மடு. கிழக்கிலும் மேற்கிலும் இருந்த இரண்டு மடுக்களை இணைத்து அணை கட்டியதால் இப்பெயர் வந்தது என்பர். வேலை 1902இல் தொடங்கி 1921இல் நிறைவுற்றது. காட்டினூடே இந்த வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1905இல், கிளிநொச்சியூடாக வடபகுதிப் புகையிரதப் பாதையும் வந்தது. பின்னர் அணை கட்டங் கட்டமாக உயர்த்தப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் நீர்மட்டம் 34 அடிக்கும் கொள்ளளவு 106,500 ஏக்கர் அடிக்கும் வந்தன. ஏக்கர் அடி என்றால், ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர். போருக்குப் பின்னர் சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியம், ஆசிய அபிவிருத்தி வங்கி ஆகியவற்றின் உதவியுடன் குளம் புனரமைக்கப்பட்டு, நீர்மட்டம் மேலும் 2 அடி உயர்த்தப்பட்டு, 2018 டிசம்பர் 7இல் திறந்து வைக்கப்பட்டது.

இக்குளத்தின் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் உண்டு. உருத்திரபுரத்துக்கு இடதுகரை வாய்க்காலின் தண்ணீர் வருகிறது. ஊருக்குள் விலாசம் கேட்டால் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றுதான் இன்றைக்கும் சொல்வார்கள். தெருப்பெயருக்குப் பதிலாக வாய்க்கால் இலக்கத்தை விலாசமாகக் கொண்ட ஊருக்கு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது புவியியல் பாடம் மாத்திரமன்று.

மழையை நம்பியும் குளத்தின் துணையோடும் காலபோகம் விளைகிறது. சிறுபோகமோ முற்றிலும் குளத்தின் கையில். மாசி, பங்குனியில் குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்பதைப் பார்த்து, அரசாங்க அதிபர் தலைமையில் கூடும் கூட்டத்தில் இவ்வளவு ஏக்கர்தான் என்று தீர்மானித்துப் பங்கு போடுவார்கள். அந்தப் பங்கில் ஓர் ஏக்கர் கூடினாலும் குறைந்தாலும் அது கமக்காரனின் வீட்டோடு நிற்பதில்லை. வெட்டு மெசின்காரர், மூடை சுமப்போர், அரிசி ஆலை, சந்தியில் உள்ள பலசரக்குக் கடை, பிள்ளையின் ரியூசன் காசு, ஆலயத் திருவிழா உபயம் என்று அது போய்ச் சேராத இடமில்லை. சிறுபோகம் பொய்த்த ஆண்டில் உபயகாரரிடம் போகும் பரிபாலன சபையினருக்கு இது நன்கு தெரியும்.

மணல் எங்கே குறுக்கிடுகிறது?

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இடம்பெயர்ந்து, 2010ஆம் ஆண்டளவில் மீண்டு வந்த மக்களுக்கு முதலில் வேண்டியிருந்தது வீடு. இந்திய அரசின் உதவியில் மாத்திரம் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. பிற திட்டங்களும், சொந்தச் செலவில் கட்டியோரும் வேறு. பாடசாலை, வைத்தியசாலை, வீதி, மதகு, ஆலயத் திருப்பணி யாவும் ஒரே காலத்தில் எழுந்தன. எல்லாவற்றுக்கும் மணல் வேண்டும். ஆற்றில் மணல் இருந்தது. அந்தத் தேவை உண்மையானது. அதனை யாரும் குறை சொல்ல முடியாது. கூரை இல்லாமல் நின்ற குடும்பத்துக்கு முன்னால் ஆற்றைப் பற்றிப் பேசுவது அன்று எடுபட்டிருக்கவும் மாட்டாது.

வீடுகள் கட்டி முடிந்த பின்னரும் மணல் ஏற்றுவது நிற்கவில்லை. அதன் காரணத்தைச் சற்றே பொறுமையாகப் பார்க்க வேண்டும். மணல் ஏற்றுகிறவர்கள் எல்லோரும் வெளியிலிருந்து டிப்பரோடு வருபவர்கள் அல்லர். பலர் வயலும் உழவு இயந்திரமும் உள்ள உள்ளூர்க்காரரே. உழவு இயந்திரம் லீசிங்கில் எடுத்தது. உழவும் சூடடிப்பும் ஆண்டில் சில மாதங்களே. தவணைப் பணமோ பன்னிரண்டு மாதமும் கட்ட வேண்டும். வேலையில்லாத மாதத்தில் பெட்டியை மாட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனால் அன்றே காசு. ஏற்றுகிற இளைஞனுக்கும் அன்றே கூலி. காலபோகத்தில் விதைப்புக்கு வயலில் இறங்குகிற அதே இயந்திரம்தான் ஆவணியில் ஆற்றில் இறங்குகிறது. ஆகவே இது நல்லவருக்கும் கெட்டவருக்கும் இடையிலான வழக்கன்று. ஒரே வீட்டின் ஒரு கை மற்றக் கையில் இருந்து எடுக்கிறது.

எப்படி எடுக்கிறது என்பதுதான் பலருக்கும் தெளிவில்லாத பகுதி. ஆற்று மணல் வெறும் மண்ணன்று. மாரியில் ஓடும் தண்ணீரைத் தன் இடுக்குகளில் பிடித்து வைத்துக் கோடையில் மெல்ல மெல்ல விடும் பண்டம் அது. வெயில் காலத்தில் வற்றிக் கிடக்கும் ஆற்றில் கையால் தோண்டினால் தண்ணீர் ஊறுவதை வன்னியில் மாடு மேய்த்த எவரும் அறிவர். அந்த மணலை அள்ளி எடுத்தால் ஆற்றின் அடிமட்டம் தாழ்கிறது. அதனோடு சேர்ந்து இரு கரையிலும் உள்ள கிணறுகளின் மட்டமும் தாழ்கிறது. அடி தாழ்ந்தால் கரை நிற்காது. கரையில் நின்ற மருதமரத்தின் வேர் வெளியே தெரியும். ஒரு வெள்ளத்தில் மரம் சரியும். மரத்தோடு கரை மண்ணும் வண்டலும் கரைந்து ஓடும். ஆற்றின் மேற்பகுதியில் இப்படி நடந்தால் அந்த வண்டல் வந்து படிவது குளத்துக்குள்ளே.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். மணலை எடுத்தால் குளத்துக்கு வரும் மண் குறையுந்தானே, அது நன்மையல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. குளத்தின் உட்பகுதியில் படிந்ததை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அளவீட்டோடும் அனுமதியோடும் எடுப்பது குளத்துக்கு உதவும். முன்னோர் தூர்வாரியதும் அதுதான். ஆனால் பாயும் ஆற்றின் படுக்கையில், வளைவுகளில், பாலத்தின் கால்மாட்டில் எடுப்பது வேறு. அங்கே பருமணல் போய், அதற்குப் பதிலாகக் கரையின் களிமண்தான் குளத்துக்கு வருகிறது. வீட்டுக்குத் திருத்த வேலை செய்வதும் அத்திவாரத்தைத் தோண்டுவதும் ஒன்றாகாது.

வண்டல் படிவதைக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். 106,500 ஏக்கர் அடியில் நூற்றுக்கு ஒரு பங்கு 1,065 ஏக்கர் அடி. சிறுபோக நெல்லுக்கு, வாய்க்காலில் இழப்பதையும் சேர்த்து, ஏக்கருக்கு 4 முதல் 5 ஏக்கர் அடி வேண்டுமென்று வைத்துக்கொண்டால், குளத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு தூர்ந்து போனால் இருநூறு ஏக்கருக்கு மேல் சிறுபோகம் இல்லாது போகும். குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் பங்கு கிடைக்கும் ஆண்டில் அது இருநூறு குடும்பம். பெருஞ்செலவில் உயர்த்திய 2 அடியை, யாரும் கையெழுத்து வைக்காமலே, சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பது போன்றது இது.

குளத்துக்குக் கீழே ஆற்றின் கடைசிப் பகுதியில் பிரச்சினை வேறு விதமானது. கனகராயன் ஆறு சுண்டிக்குளக் களப்பில் போய் முடிகிறது. கடல்நீர் ஏரிக்கு அண்மையில் ஆற்றின் அடிமட்டம் தாழ்ந்தால் உவர் உள்ளே ஏறும். உவர் ஏறிய வயலில் நெல் மஞ்சளித்து நிற்பதைப் பார்க்கத் தூரப் பயணம் தேவையில்லை. கொழும்புக்குக் குடிநீர் கொடுக்கும் களனி கங்கையிலும் மணல் அகழ்வால் அடி தாழ்ந்து, வரட்சிக் காலங்களில் அம்பத்தளையில் நீர் எடுக்கும் இடம்வரை உப்பு நீர் ஏறியதால், ஆற்றுக்குக் குறுக்கே உவர்நீர்த் தடுப்பு அமைக்க வேண்டியதாயிற்று. மணல் விற்றவரின் இலாபம் ஒருவருக்குப் போனது. தடுப்பணையின் செலவு எல்லோருடைய வரியிலிருந்தும் போனது.

தமிழ்நாட்டிலும் இதே அனுபவம் உண்டு. தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராக மூத்த பொதுவுடைமைத் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. திருச்சிக்கு அருகே முக்கொம்பில் 1836இல் கட்டப்பட்ட கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் 2018 ஓகஸ்ட் 22ஆம் திகதி இரவு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அணையின் வயதும் வெள்ளத்தின் வேகமும் காரணம் என்று ஒரு பக்கத்தார் கூறினர். பல ஆண்டு மணல் அகழ்வினால் அடித்தளம் தளர்ந்தமையே காரணம் என்று விவசாயிகள் கூறினர். அதே ஆண்டு டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதையும், இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்ட நேரம் பற்றி விசாரணை வரை போனதையும் இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வந்தபின் கதவைப் பற்றித்தான் பேச்சு. ஆறு எந்த நிலையில் இருந்தது என்ற பேச்சு மிகக் குறைவு.

சட்டத்தால் மட்டும் முடியுமா?

மணலுக்குச் சட்டம் இல்லாமலில்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இன்றி மணல் அகழவோ ஏற்றிச் செல்லவோ முடியாது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும் உண்டு. ஆயினும் இரவில் பிடிபட்டுத் தண்டம் கட்டி, தண்டப் பணத்தை மீட்பதற்காக மறுபடியும் ஆற்றுக்குப் போகும் நிலை இருக்கும்வரை சட்டம் பாதி வேலையையே செய்யும். லீசிங் தவணைக்கு வேறு வழி காட்டாத தடை, தடையாக நெடுநாள் நிற்பதில்லை.

சூழலைக் காப்பதென்ற பெயரில் கமக்காரனின் கணக்கைப் பார்க்காமல் செய்யும் காரியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2021ஆம் ஆண்டு நாடு முழுவதும் கண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டது. சேதனப் பசளை நல்லதா என்று கேட்டால் நல்லதுதான். எருவும் பசுந்தாளும் போட்ட வயலைப் பார்த்து வளர்ந்தவர்களே இங்கு அதிகம். ஆனால் ஓரிரு மாத அவகாசத்தில் மண் மாறுமா? போதிய சேதனப் பசளை எங்கே இருந்தது? நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றபோது காலபோக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. விளைச்சல் வீழ்ந்து, நெல் விளைவித்தவனே அரிசி வாங்கிய ஆண்டாக அடுத்த ஆண்டு அமைந்தது. அதனால் விளைந்த இன்னொரு கேடு, சேதனப் பசளை என்ற சொல்லைக் கேட்டாலே கமக்காரர் முகஞ்சுளிக்கும்படி ஆனமை.

காட்டு எல்லை விடயமும் இதைப் போன்றதே. மழை நீரை மெதுவாக இறக்கிக் குளத்துக்குக் கொடுப்பது மேற்புறத்துக் காடு. பாலையும் முதிரையும் வீரையும் நிற்கும் அந்தக் காடு போனால் குளம் வண்டலால் நிரம்பும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் போரின் பின்னர் திணைக்களங்கள் எல்லைக்கல் நாட்டியபோது, இடம்பெயர்ந்த காலத்தில் பற்றை வளர்ந்து கிடந்த வயலும், தலைமுறையாக மாடு மேய்ந்த தரையும் காட்டுக்குள் அடங்கிவிட்டன என்ற முறைப்பாடு வன்னியெங்கும் உண்டு. மேய்ச்சல் தரை இல்லாத மாடு வயலுக்குள் இறங்குகிறது. கமக்காரனும் மாட்டுக்காரனும் பொலிஸ் நிலையத்தில் நிற்கிறார்கள். காட்டைக் காப்பவர்கள் ஊரவரைக் கூட்டிவைத்து எல்லையைப் பார்த்திருந்தால், அந்த ஊரவரே காட்டுக்குக் காவலாக இருந்திருப்பர்.

கூட்டி வைத்துப் பேசாததன் விளைவை இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் திட்டத்திலும் கண்டாயிற்று. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் உவரும் நைத்திரேற்றும் கூடியிருப்பது உண்மை. அங்குள்ள உறவினரின் தாகம் அயலாரின் தாகமன்று. சிறுபோகத்துக்கே பங்கு போட வேண்டியிருக்கையில் தண்ணீர் போனால் யார் பொறுப்பு என்று கிளிநொச்சிக் கமக்காரர் கேட்டதும் உண்மை. 2013ஆம் ஆண்டளவில் இது பெரும் பிணக்காகி, ஈற்றில் மருதங்கேணி தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்தது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரும் இந்நிலையம் 2024 ஓகஸ்ட் 2இல் திறக்கப்பட்டது. அங்கும் வெளியேறும் உவர்க்கழிவு மீன்வளத்தைக் கெடுக்குமோ என்று அப்பகுதிக் கடற்றொழிலாளர் முன்னரே எதிர்ப்புத் தெரிவித்திருந்தனர். ஒரு கரையில் தீர்த்த பிரச்சினை மற்றக் கரையில் ஒருவரின் வலையில் போய் நிற்கிறது.

குளம் தரும் மற்ற வருமானங்கள்

நெல்லை மட்டும் பார்த்துக் குளத்தை மதிப்பிடுவது பிழை. இலங்கையின் குளங்களில் 1952இல் விடப்பட்ட திலாப்பியா மீன் இன்று நன்னீர் மீன்பிடியின் முதுகெலும்பு. 1990இல் அரசு நன்னீர் மீன்வளர்ப்புக்கான உதவியை நிறுத்தி, 1994இல் மீண்டும் தொடங்கியது. அவ்விடைக்காலத்தில் பாதிக்கப்பட்டோர் குளக்கரை ஏழைகளே. குளத்தின் கடைசி அடிவரை தண்ணீரைத் திறந்துவிட்டால் மீன் இல்லை. ஆகவே எவ்வளவு தண்ணீரைக் குளத்தில் மீதம் வைப்பது என்பதில் மீன்பிடிப்பவருக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும்.

தாமரை இலை இன்னொன்று. வன்னியில் அன்னதானத்துக்குத் தாமரை இலையில் சோறு இடுவது பழைய வழக்கம். 2017 செப்ரெம்பர் முதலாம் திகதி முதல் உணவு சுற்றும் பொலித்தீன் தாள் நாட்டில் தடை செய்யப்பட்ட பின்னரும் சில இடங்களில் அது ஓய்ந்தபாடில்லை. திருவிழா முடிந்த மறுநாள் வீதியோரத்து வாய்க்காலில் கிடப்பது அதுதான். அடுத்த தண்ணீர் திறப்பில் மதகில் போய் அடைப்பதும் அதுதான். தாமரை இலைக்குக் கொடுக்கும் காசு குளத்தில் இறங்கிப் பறிப்பவரின் வீட்டுக்குப் போகிறது. தின்ற பின் இலை மாட்டுக்கோ பசளைக் குழிக்கோ போகிறது. இங்கே சூழலும் வருமானமும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கவில்லை. செலவும் பெரிய வித்தியாசமில்லை. முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆலயங்களும் மணல் கணக்குக்கு வெளியே நிற்க முடியாது. திருவிழாவுக்கு வீதி முழுதும் புது மணல் பரப்புவதும், அடியார்கள் அதில் அங்கப்பிரதட்சணை செய்வதும் வழக்கம். திருப்பணிக்கும் மணல் வேண்டும். உபயமாக வரும் மணல் எந்த ஆற்றிலிருந்து, எந்த அனுமதிப்பத்திரத்தோடு வந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கோயிலுக்குத்தானே என்பார்கள். கோயிலுக்குத்தான் என்பதாலேயே கேட்க வேண்டும். ஏற்கனவே வீதியில் கிடக்கும் மணலை அரித்து, கல்லும் குப்பையும் நீக்கி மீண்டும் பரப்பினால் புதிதாக வேண்டியது சில பெட்டிகளே. அரிக்கும் வேலைக்குக் கூலி கொடுத்தால், அந்தக் கூலியும் ஆற்றில் மணல் ஏற்றப் போகும் அதே இளைஞருக்கே போய்ச் சேரும். அந்தச் சில பெட்டிக்கும் பரிபாலன சபையின் பெயரிலேயே விண்ணப்பித்து, பத்திரத்தின் பிரதியை ஆலயக் கோவையில் வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டுதோறும் சிறுபோகக் கூட்டத்தில் பேசப்படும் விடயங்கள் யாவருக்கும் மனப்பாடம்: தண்ணீர் திறக்கும் திகதி, ஏக்கர் பங்கு, விதைநெல், பசளை, கட்டாக்காலி மாடு. நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கூடும் இக்கூட்டத்தின் தீர்மானங்கள் கமக்காரரைக் கட்டுப்படுத்துவன. கனகராயன் ஆற்றின் மணலையும், குளத்தில் படிந்த வண்டலின் அளவையும், வேலையில்லா மாதங்களில் உழவு இயந்திரக்காரருக்கு வாய்க்கால் துப்புரவிலும் குளத் தூர்வாரலிலும் வேலை கொடுப்பதையும் அந்த நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி இவ்வூர்க் கமக்காரர் அமைப்புகள் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக எழுத்தில் கேட்கலாம். வாய்மொழியாகக் கேட்டால் அறிக்கையில் ஏறாது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருப்பது நல்லது.